தாத்தாவின் கடிகாரத்தில் இருப்பது ரேடியமா?

கேள்வி: ஐயா, மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். என் தாத்தா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் பால் எடுத்தவர். அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது நான்கு பொருள்கள் கிடைத்தன. முதலாவது, சாவி கொடுக்கும் சுவிஸ் கைக்கடிகாரம். நீண்ட நாள் வேலை செய்ததற்காகத் தோட்டத்தில் கொடுத்தது. பின்மூடியில் 1958 என்று பொறித்திருக்கிறது. டயலின் அடியில் 'சுவிஸ்' என்ற ஒரே சொல். எண்கள் பழுப்பாக இருக்கின்றன. முள்ளில் பூசியது பாதி உதிர்ந்து கண்ணாடிக்குள் பொடியாகக் கிடக்கிறது. இரண்டாவது, மாமாவின் வாட்ச். அடியில் 'டி சுவிஸ் டி' என்று இருக்கிறது. மூன்றாவது, அப்பா 1980களில் வாங்கிய சீக்கோ டைவர். டார்ச் அடித்து வைத்தால் விடியும்வரை ஒளிர்கிறது. நான்காவது, தாத்தாவைப் பெரட்டுக்கு (விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பதற்கு) எழுப்பிய அலாரம் கடிகாரம். எண்கள் பச்சை, முன்கண்ணாடி உடைந்துவிட்டது. பட்டணத்துக் கடைக்காரர் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு 'புது ரேடியம்' பூசித் தர 80 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். இருட்டில் ஒளிராததால் ரேடியம் செத்துவிட்டது, பயம் வேண்டாம் என்கிறார் நண்பர். வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: தம்பி, முதலில் கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் பூசுவதாகச் சொன்னது இன்றைய சாதாரண ஒளிப்பூச்சுதான். அதில் ஆபத்து இல்லை. சுரண்டுவதில்தான் ஆபத்து. உங்கள் 1958 கடிகாரத்தில் இருப்பது உண்மையான, கதிரியக்கமுள்ள ரேடியமாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அதைக் காய்ந்த நிலையில் சுரண்டினால் எழும் தூள் சுரண்டுபவர் மூக்குக்குள்தான் போகும்.

நண்பர் சொன்னதற்கு வருகிறேன். பழைய ஒளிப்பூச்சில் இரண்டு சரக்கு கலந்திருக்கும். ஒன்று ஒளிரும் தூள்: அந்தக் காலத்தில் எப்போதும் துத்தநாக சல்பைடு, அதில் துளி செம்பு. மற்றது அதை இரவு பகல் பாராமல் தூண்டிக்கொண்டே இருக்கும் கதிரியக்கப் பொருள். மண்ணெண்ணெய் விளக்கில் திரி கருகிவிட்டால் எண்ணெய் நிறைய இருந்தும் விளக்கு எரியாது அல்லவா, அதே கதை. ரேடியத்தின் ஆல்பா கதிர் அடித்து அடித்துச் சில பத்தாண்டுகளில் துத்தநாக சல்பைடு பாழாகிவிடுகிறது. ஒளி நின்றுவிடும், ரேடியம் நிற்காது. ரேடியம்-226 பாதியாகக் குறைய 1,600 ஆண்டு வேண்டும். 1958-ல் பூசியதில் ஏறத்தாழ 97 விழுக்காடு இன்னும் அப்படியே இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் கடிகாரங்களுக்கு ரேடியம் பூசுவது 1963-ல் தடைசெய்யப்பட்டது. ஆனால் அந்த வேலை நடந்த பழைய பட்டறைகளையும் வீடுகளையும் அந்த நாட்டு அரசு 2015-க்குப் பிறகும் தேடித்தேடிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

ஆகவே, ஒளிராத பழைய டயலைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். 1950களின் டயல் ஒளிரவே இல்லை என்பது, சொல்லப்போனால், ரேடியம் பக்கம் சாயும் சான்று.

கடிகாரங்களில் புழங்கிய மற்றவை இவை. டிரிட்டியம், அதாவது கதிரியக்க ஹைட்ரஜன், ஏறத்தாழ 1960 முதல் 1990களின் இறுதிவரை. இது 12.3 ஆண்டில் பாதியாகும். 50 ஆண்டு ஆன டயலில் 6 விழுக்காடுதான் மிச்சம். அதன் பீட்டா கதிர் மிக மெலிந்தது, கடிகாரக் கண்ணாடியையே தாண்டாது. புரோமெத்தியம்-147, ஜப்பானியக் கடிகாரங்களிலும் சில பிரிட்டிஷ் ராணுவக் கடிகாரங்களிலும் வந்தது. 2.6 ஆண்டில் பாதியாவதால் இன்று அளக்கக்கூடிய அளவில் எதுவும் இருக்காது. பிறகு கதிரியக்கமே இல்லாத பூச்சுகள்: பழைய வெறும் துத்தநாக சல்பைடு, 1993-ல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கண்டுபிடித்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் வகை. லூமிநோவா, சூப்பர் லூமிநோவா, சீக்கோவின் லூமிபிரைட் எல்லாம் இந்தக் கடைசிக் குடும்பம். ஸ்ட்ரான்ஷியம் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், இது கதிரியக்கமில்லாத ஸ்ட்ரான்ஷியம். கதிரியக்க ஸ்ட்ரான்ஷியம்-90 பூசியதும் உண்டு. 1950களின் ரோலக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர் கைக்கடிகாரத்தின் பேக்கலைட் பிளாஸ்டிக் வளையம்தான் அதற்குப் பேர்போனது. தோட்டப் பெட்டியில் அது கிடைத்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.

இனிச் சோதனை. எதையும் திறக்காமல், இந்த வரிசையில் செய்யுங்கள்: எழுத்தைப் படிப்பது, பூச்சைப் பார்ப்பது, வெளிச்சம் அடிப்பது, கடைசியில் கருவியால் கதிர்வீச்சை எண்ணிப் பார்ப்பது. ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதினால் தவறும். வரிசை முக்கியம், முதல் மூன்றும் சந்தேகத்தைக் கிளப்பும், நான்காவதுதான் ரேடியம் உண்டா இல்லையா என்று அடித்துச் சொல்லும்.

எழுத்தைப் படிக்க பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் போதும். 6 மணிக்குக் கீழே, டயலின் விளிம்போரம் பாருங்கள். சில சமயம் பாதி எழுத்து வளையத்துக்குள் மறைந்திருக்கும், கடிகாரத்தைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். 'டி சுவிஸ் டி', 'டி சுவிஸ் மேட் டி' என்றால் டிரிட்டியம். 'சுவிஸ்' என்பதை அடுத்து டி, சிறியது என்னும் குறி, 25 என்று வந்தால் 25 மில்லிகியூரிக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) குறைவான டிரிட்டியம் என்று பொருள். பிரிட்டிஷ் ராணுவக் கடிகாரத்தில் வட்டத்துக்குள் டி எழுத்து இருக்கும். வட்டத்துக்குள் பி என்றால் புரோமெத்தியம். ஜெர்மன் ராணுவக் கடிகாரத்தில் சிவப்பில் '3 எச்', அமெரிக்கக் கடிகாரத்தில் 'எச் 3', இரண்டும் டிரிட்டியமே. 1948 முதல் 1960 வரை மலாயாவின் அவசரகாலத்தில் பேராக்கில் பிரிட்டிஷ் படை நிறைந்திருந்ததால், பின்மூடியில் அகன்ற அம்புக்குறி போட்ட ராணுவக் கடிகாரம் உங்கள் பக்கத்துப் பழைய பெட்டிகளில் வந்தால் வியப்பில்லை. அம்புக்குறியும் மூன்று டபிள்யூவும் இருந்து, டயலில் வட்ட எழுத்து எதுவும் இல்லையென்றால் ரேடியம் என்றே வைத்துக்கொண்டு அடுத்த சோதனைக்குப் போங்கள்.

'சுவிஸ்' என்று மட்டும் இருப்பதுதான் எல்லோரையும் ஏமாற்றும் எழுத்து. 1960களுக்கு முந்திய ரேடியம் டயலிலும் அப்படித்தான் எழுதினார்கள். 1998, 99 வாக்கில், டிரிட்டியத்தைக் கைவிட்டு லூமிநோவாவுக்கு மாறியபோதும் சில நிறுவனங்கள் அப்படித்தான் எழுதின. ஒளிப்பூச்சே இல்லாத டயலிலும் அதே சொல் உண்டு. ஆக, அந்த ஒரு சொல்லை வைத்து எதுவும் முடிவுகட்ட முடியாது. கடிகாரத்தின் வயதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். உங்களுடையதில் பொறித்த ஆண்டு இருப்பது அதிர்ஷ்டம். 1958-ல் பரிசாகக் கைக்கு வந்தது என்றால் அதற்குப் பிந்திய டயலாக இருக்க முடியாது, நடுவில் யாரும் டயலை மாற்றாதவரை.

அந்த 'மாற்றாதவரை'யை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்து ஈரக் காற்றில் டயல் புள்ளி விழுந்து கெடுவது சகஜம், அதை மறுவண்ணம் அடித்துத் தருவதும் பல காலமாக நடந்துவரும் தொழில். மறுவண்ணம் அடித்தவர் பழைய எழுத்தை விட்டுவிட்டு 'டி சுவிஸ் டி' என்று அச்சடித்திருக்கலாம், 'டி'யை விட்டும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க நிமிடக் கோடுகளைப் பாருங்கள். அசல் அச்சில் கோட்டின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும், எழுத்து டயலிலிருந்து இலேசாக எழும்பி நிற்கும். மறு அச்சில் ஓரம் பிசிறும். கோடு உலோக மணிக்குறியின் நடுவில் நேராக வந்து சேராது, சிறிது விலகி நிற்கும். எண்களுக்கும் கோடுகளுக்கும் கறுப்பின் அழுத்தம் வேறுபட்டாலும் ஐயம் கொள்ளுங்கள்.

அடுத்தது பூச்சின் தோற்றம். ரேடியப் பூச்சு வயதானால் பழுப்பேறும், சில சமயம் பூசணி நிறத்துக்கும் போகும். மேற்பரப்பு வெந்த மண்போல் குழிகுழியாக, நொறுங்கும் பக்குவத்தில் இருக்கும். முள்ளின் நடுத்திறப்பில் நிரப்பியது குறுக்கே வெடித்துத் துண்டுதுண்டாக விழும், உங்களுடையதில் நடந்திருப்பதுபோல. இதைவிட உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. கடிகாரம் பல ஆண்டு ஓடாமல் ஒரே இடத்தில் நின்றிருந்தால், முள் நின்ற இடத்துக்கு நேர் கீழே டயலில் முள்ளின் வடிவத்திலேயே ஒரு கருகல் நிழல் விழுந்திருக்கும். ரேடியத்தின் கதிர் டயலின் அரக்கைச் சுட்ட தழும்பு அது. உங்கள் கடிகாரத்தை லூப்பில் பார்த்தால் மணிமுள்ளுக்கு அடியில் தேன்நிறத்தில் ஒரு பட்டை தெரிகிறதா பாருங்கள். முள் இப்போது வேறு இடத்தில் நின்றால் அந்தத் தழும்பு தனியாகத் தெரியும். டிரிட்டியம் இப்படித் தழும்பு போடாது. பார்ப்பதற்காக முள்ளை நகர்த்த வேண்டாம். உதிர்ந்த பொடி உள்ளே கிடக்கும்போது சாவியை இழுப்பதும் திருப்புவதும் அதை இயந்திரத்துக்குள் தள்ளும்.

டிரிட்டியப் பூச்சு பொதுவாகப் பாலேடு நிறத்திலிருந்து இளமஞ்சளாக மாறும். ஈரம் புகுந்தால் கரும்பச்சையாக, சாம்பலாக, சில சமயம் கறுப்பாகவே ஆகிவிடும். வெப்பமண்டலத்தில் கிடைக்கும் டிரிட்டியம் டயல்களில் இது நிறையவே வரும்; கறுத்துப்போனதால் ரேடியம் என்று எண்ணிவிடாதீர்கள். லூமிநோவா வகை பெரும்பாலும் நிறம் மாறாது. பழையதுபோல் காட்டக் காப்பி நிறம் கலந்து பூசுவதும் உண்டு. நிறம் டயல் முழுக்க ஒரே சீராக இருந்தால் அந்தச் சந்தேகம் வரவேண்டும். உண்மையாக முதிர்ந்த பூச்சில் ஒவ்வொரு புள்ளியும் சிறிது வேறுபட்டே இருக்கும்.

மூன்றாவது வெளிச்சச் சோதனை. இதில்தான் ஆட்கள் அதிகம் அவசரப்படுகிறார்கள். கடிகாரத்தை முந்தைய இரவே மூடிய அலமாரிக்கு வெளியே ஓர் இருட்டறையில் வைத்துவிடுங்கள், 12 மணி நேரமாவது வெளிச்சம் படக்கூடாது. மறுநாள் இரவு அறைவிளக்கை அணைத்துவிட்டு 15, 20 நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். கைத்தொலைபேசியைப் பார்த்தால் பழக்கம் கெட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து. பிறகு டயலை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பாருங்கள், மங்கிய ஒளி கண்ணின் ஓரத்துக்குத்தான் தட்டுப்படும். எந்தத் தூண்டலும் இல்லாமல் இலேசாகவேனும் ஒளிர்ந்தால் கதிரியக்கப் பூச்சு. 1990களின் டிரிட்டியம் இன்னும் அப்படித் தெரியும். ஒளிரவில்லை என்றால், மேலே சொன்னேன், எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

அதன்பின் புற ஊதா டார்ச்சை எடுங்கள். 395 நானோமீட்டர் என்று விற்பதை வாங்க வேண்டாம். அது கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சத்தையும் சேர்த்துக் கொட்டும், பூச்சின் சொந்த நிறம் அதில் அமுங்கிவிடும். 365 நானோமீட்டர், முன்னால் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி வைத்தது வேண்டும். கண்ணில் அடிக்காதீர்கள். பத்து விநாடி டயலில் காட்டி அணையுங்கள். அணைத்த பிறகு நடப்பதுதான் விடை. ரேடியம் பாழாக்கிய பூச்சு டார்ச் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்து, அணைத்ததும் அதோடு அணையும், அல்லது ஒரு கணம் தங்கிப் போகும். டிரிட்டியப் பூச்சு ஒளிர்ந்து, அணைத்தபின் சில விநாடி இழுத்துக்கொண்டு மங்கும். வெறும் துத்தநாக சல்பைடு சில நிமிடம் நிற்கும். ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பளீரென்று பச்சையோ நீலமோ காட்டி மணிக்கணக்கில் நிற்கும். சில பிளாஸ்டிக் கண்ணாடிகள் புற ஊதாவை விழுங்கிவிடும், அப்போது சாதாரண வெள்ளை டார்ச்சை ஒரு நிமிடம் அடித்துப் பாருங்கள்.

ஒரு விநாடிக்குள் அணைவதைக் கண்ணால் ஒப்பிடுவது கடினம். கைத்தொலைபேசியைத் தாங்கியில் நிறுத்திக் காணொளி எடுத்துக்கொண்டே டார்ச்சை அணையுங்கள், பிறகு படம்படமாக நகர்த்திப் பாருங்கள். டயலின் புள்ளிகளும் முட்களும் ஒரே நேரத்தில் அணைந்தால் இரண்டும் ஒரே காலத்துப் பூச்சு. புள்ளி உடனே அணைந்து முள் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தால் முள் மாற்றப்பட்டிருக்கிறது அல்லது மறுபடி பூசப்பட்டிருக்கிறது. கடிகாரம் வாங்கப் போகும் எவரும் கற்றுக்கொள்ள வேண்டிய சோதனை இது ஒன்றுதான் என்பேன்.

நான்காவது, கதிர்வீச்சை எண்ணிக் காட்டும் கைகர் கருவி. இணையத்தில் விற்கும் மலிவான வகையில் கண்ணாடிக் குழாய் இருக்கும். அது ஆல்பாவைப் பிடிக்காது, ஆனால் காமாவையும் வலுவான பீட்டாவையும் பிடிக்கும். ரேடியத்தின் வழித்தோன்றல்களான ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டையும் காட்டிக்கொடுக்க அது போதும். மெல்லிய மைக்கா சன்னல் வைத்த தட்டைக் குழாய் இன்னும் கூர்மையானது, விலையும் அதற்கேற்ப. கைத்தொலைபேசியின் கேமராவைக் கறுப்பு ஒட்டுத்தாளால் மூடி அளக்கும் செயலிகள் இந்த வேலைக்கு உதவா.

முதலில் கடிகாரம் இல்லாமல், நீங்கள் அளக்கப்போகும் அதே மேசையில் 10 நிமிடம் எண்ணுங்கள். இந்தப் பின்னணி அளவைத் தவிர்க்காதீர்கள், உங்கள் வட்டாரத்தில் கட்டாயம் வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீய மணலில் மோனசைட் என்ற கனிமம் கலந்திருப்பதால் தோரியம் உண்டு. பழைய ஈயலம்பங்களை (வெள்ளீயச் சுரங்கங்களை) ஒட்டிய நிலத்தில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடத்தைவிடக் கூடுதலாக இருக்கும். கருங்கல் மேசையும் கூட்டிக் காட்டும். இணையத்தில் யாரோ எழுதிய எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டால் பயந்தும் போகலாம், ஏமாந்தும் போகலாம். 10 நிமிடத்தில் 250 எண்ணிக்கை வந்தது என்று வையுங்கள். அதையே திரும்ப எண்ணினால் 235 வரலாம், 265 வரலாம். அது கருவியின் கோளாறு அல்ல, கதிரியக்கம் அப்படித்தான் ஏறி இறங்கும். கடிகாரத்தை வைத்து எண்ணியதில் கூடுதல் 70-க்குள் இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். ரேடியம் கடிகாரம் உங்களை இந்தச் சங்கடத்தில் விடாது. குழாயைக் கண்ணாடியை ஒட்டி வைத்தால் பின்னணியைப் போல் பத்து மடங்கு, அதற்கு மேலும் காட்டுவது வழக்கம். இரண்டடி தள்ளி வைத்தால் ஏறத்தாழப் பின்னணிக்கே இறங்கிவிடும். தூரம் எவ்வளவு காப்பு என்பதையும் அதிலேயே பார்த்துவிடலாம்.

டிரிட்டியத்தையும் புரோமெத்தியத்தையும் இந்தக் கருவி காட்டாது. ஆகவே பழைய கடிகாரத்தில் எண்ணிக்கை ஏறினால் ரேடியம். மிக அபூர்வமாக ஸ்ட்ரான்ஷியம்-90. இரண்டையும் பிரிக்க நடுவில் 5 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வையுங்கள். ஸ்ட்ரான்ஷியம் என்றால் எண்ணிக்கை பின்னணிக்கு விழுந்துவிடும், ரேடியம் என்றால் குறையும், ஆனால் காமா தகட்டைத் தாண்டி வந்துகொண்டேயிருக்கும். டயலில் 'டி' எழுதியும் எண்ணிக்கை ஏறுகிறதா? அதற்கும் விளக்கம் உண்டு: வேறு பழைய கடிகாரத்தின் ரேடிய முட்களை மாட்டியிருப்பார்கள், அல்லது டயல் மறுவண்ணம் கண்டது. எழுத்தும் கருவியும் முரண்பட்டால் கருவியை நம்புங்கள்.

இப்போது உங்கள் நான்கு பொருள்களும். மாமாவின் கடிகாரம் எளிது. டார்ச்சை அணைத்ததும் சில விநாடியில் மங்கி, கருவியும் ஏறவில்லை என்றால் அசல் டிரிட்டியம், தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் ஒளிர்ந்தால் யாரோ மறுபடி பூசியிருக்கிறார்கள்.

சீக்கோவில் கதிரியக்கக் கவலை இல்லை, ஆனால் வேறொரு செய்தி இருக்கிறது. 1980களில் வாங்கிய கடிகாரம் விடியும்வரை ஒளிர வழியே இல்லை. அப்படி ஒளிரும் சரக்கு 1993-க்கு முன் உலகத்திலேயே கிடையாது. டயலும் முட்களும் பின்னாளில் மாற்றப்பட்டவை, அல்லது மறுபூச்சு. பின்மூடியின் வரிசை எண்ணைப் பாருங்கள்: முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம்; அக்டோபர், நவம்பர், டிசம்பருக்குப் பூஜ்யமும் என், டி எழுத்துகளும். டயலின் அடியோரத்தில் பொடி எழுத்தில் உள்ள எண்ணின் முதல் நான்கு இலக்கமும் பின்மூடியில் உள்ள வகை எண்ணின் முதல் நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 6309 வகை என்றால் சந்தையில் மாற்று டயல்கள் மலிந்து கிடக்கின்றன. அப்பா எப்போதாவது பழுதுபார்க்கக் கொடுத்தபோது மாற்றியிருப்பார்கள். கட்டிக்கொள்ள அதனால் குறை ஒன்றுமில்லை, விற்கும்போது மட்டும் அசல் டயல் என்று சொல்லாதீர்கள்.

அலாரம் கடிகாரத்தை நிறம் பார்த்துச் சொல்ல முடியாது. பச்சை எண் ரேடியமாகவும் இருக்கலாம், வெறும் துத்தநாக சல்பைடாகவும் இருக்கலாம், ஒளிராத பச்சை வண்ணமாகவும் இருக்கலாம். கருவி வரும்வரை ரேடியம் என்றே நடத்துங்கள். கண்ணாடி உடைந்திருப்பதால் நான்கில் இதற்குத்தான் முதலில் கை வைக்க வேண்டும். கண்ணாடி இருந்தால் ஆல்பா வெளியே வராது. கண்ணாடி போனால் பூச்சு உதிர்ந்து காற்றில் கலக்கும். வெளியிலிருந்து வரும் ஆல்பாவைத் தோல் தடுத்துவிடும், மூச்சிலும் வாயிலும் போனால்தான் கேடு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் டயல் வரைந்த பெண்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால்தான் ரேடியம் எலும்பில் ஏறி மாண்டார்கள். அவர்கள் தொடுத்த வழக்கு 1928-ல் இழப்பீட்டில் முடிந்தது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மேல்விசிறியை நிறுத்துங்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு, ஈரப்படுத்திய திசுத்தாளை டயல்மேல் மெதுவாகப் போர்த்தி, கடிகாரத்தை அப்படியே நிமிர்த்திய நிலையில் அழுத்தி மூடும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, அந்தப் பையை இன்னொரு பைக்குள் வையுங்கள். அது கிடந்த பெட்டியின் அடிப்பகுதியை ஈரத் தாளால் ஒரே திசையில் துடைத்து, தாளையும் கையுறையையும் வேறொரு பையில் போட்டு அதையும் மூடி வையுங்கள். ஊதாதீர்கள். கடிகாரக்காரர்கள் பயன்படுத்தும் ரப்பர் ஊதுகுழலும் கூடாது. தூசி உறிஞ்சியும் காய்ந்த தூரிகையும் பொடியை வீடு முழுக்கப் பரப்பிவிடும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அதுவரை தின்பதும் குடிப்பதும் வேண்டாம். கண்ணாடி உடைந்ததைக் கருவியால் அளக்கும்போது பையிலிருந்து எடுக்க வேண்டாம், பைக்கு வெளியிலிருந்தே ரேடியம் தெரிந்துவிடும்.

1958 கடிகாரத்துக்குக் கண்ணாடி இருப்பதால் இவ்வளவு கெடுபிடி வேண்டாம். குலுக்காமல், சாவி கொடுக்காமல், சிறு பையில் போட்டு வைத்தால் போதும். ரேடியத்திலிருந்து ரேடான் வாயு இடைவிடாமல் பிறக்கும். ஒரே ஒரு கைக்கடிகாரம் தருவது கொஞ்சம்தான் என்றாலும், காற்றோட்டமில்லாத படுக்கையறை அலமாரிக்குள் வைக்காதீர்கள். பின்கட்டில் மழை படாத, பிள்ளைகளுக்கு எட்டாத, யாரும் மணிக்கணக்கில் உட்காராத இடம் நல்லது.

அதைத் தினம் கட்டிக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள். கண்ணாடியும் பின்மூடியும் கெட்டியாக, பூச்சு உதிராமல் இருக்கும் ரேடியம் கடிகாரத்தை எப்போதாவது ஒரு கல்யாணத்துக்குக் கட்டுவதில் பெரிய கேடில்லை. உங்களுடையது உதிர்கிறது. அதைக் கட்ட வேண்டாம். இயந்திரத்தைச் சர்வீஸ் செய்வதும் அதே சிக்கல்தான்: முள்ளைக் கழற்றாமல் டயல் வராது, டயல் வராமல் இயந்திரம் வராது, கழற்றும் கையில் முள்ளின் மிச்சப் பூச்சு நொறுங்கும். செய்தே ஆகவேண்டும் என்றால், ரேடியம் என்று தெரிந்து, கையுறையோடும் தனித் தட்டோடும் வேலை செய்யச் சம்மதிப்பவரிடம் மட்டும் கொடுங்கள். முள்ளையும் டயலையும் மீயொலியால் கழுவும் தொட்டியில் போட மாட்டேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். போட்டால் தொட்டித் திரவம் முழுதும் கெட்டு, அடுத்து வரும் எல்லாக் கடிகாரத்திலும் ஒட்டும். பணத்துக்காகப் பார்த்தாலும் சுரண்டுவது நட்டம். பழைய கடிகாரம் சேர்ப்பவர்கள் ஒளிராத அசல் டயலுக்குக் கொடுக்கும் விலையைப் புதிதாகப் பூசிய டயலுக்குக் கொடுப்பதில்லை.

விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தால் குப்பைத்தொட்டி வேண்டாம், தபாலும் வேண்டாம். மலேசியாவில் கதிரியக்கப் பொருள்கள் 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம், அதாவது அக்தா (சட்டம்) 304-க்குக் கீழ் வருகின்றன. அதை நடத்துவது ஜபாத்தான் தெனாகா ஆத்தோம் எனும் அணுசக்தித் துறை. கழிவைப் பெற்றுப் பாதுகாக்கும் வசதி பாங்கியில் உள்ள அகென்சி நுக்லியர் மலேசியா எனும் அரசு அணு முகமையிடம் இருக்கிறது. அழைக்கும்போது 'பழைய கடிகாரம்' என்று மட்டும் சொன்னால் இங்குமங்கும் மாற்றிவிடுவார்கள். ரேடியம்-226 பூசிய அலாரம் கடிகாரம் ஒன்று, கண்ணாடி உடைந்தது, இரட்டைப் பையில் மூடியிருக்கிறது, பின்னணி எண்ணிக்கை இவ்வளவு, பைக்கு வெளியே இவ்வளவு என்று எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். அதே விவரத்தைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி வெளிப் பையிலும் ஒட்டிவிடுங்கள்.